இருப்பதைக் கொண்டு ஒரு பந்தி

கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் நாள்களில் சேர்வராயன் மலை இருவகைச் செந்நிறம் கொள்ளும். ஒன்று, காப்பிச் செடிகளில் பழுத்து நிற்கும் பழங்களின் சிவப்பு. மற்றொன்று, தோட்டப் பாதைகளின் ஓரத்திலும் வீட்டு வேலிகளிலும் தழைத்து நிற்கும் கிறிஸ்துமஸ் பூவின் சிவப்பு. ஏற்காட்டிலிருந்து கிளியூருக்கு இறங்கும் பாதையில் விடியற்காலையில் நடப்போர் இவ்விரண்டையும் பனிமூட்டத்தினூடே காண்பர். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராய் இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அன்றுதொட்டு இங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலமும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவும் ஒன்றாகவே வருகின்றன. உழைப்பு மிகுந்த நாள்களில் விழாவும் வந்து சேர்வதால், உழைக்கும் குடும்பங்களுக்கு விழாவுக்கென ஒதுக்க நேரமும் குறைவு, பணமும் குறைவு.

திருவருகைக் காலத்தில் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது, இல்லத்தரசியர் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்ததுண்டு. "பிள்ளைங்களுக்குத் துணி எடுத்தாச்சுங்க சாமி, பலகாரத்துக்கு மாவு இடிச்சாச்சு. வர்றவங்களை உட்கார வச்சுச் சோறு போடுற இடத்தைத்தான் எப்படி அழகு பண்றதுன்னு தெரியலீங்க" என்பார்கள். கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆயினும் அதற்குள் ஒரு வெட்கம் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் படிக்கும் மகள் தன் தோழியரை வீட்டுக்கு அழைக்கத் தயங்குகிறாள். நகரத்தில் வேலை பார்க்கும் மகன் தன் நண்பனை அழைத்து வருவதாய்ச் சொல்லி, பிறகு வேண்டாம் என்கிறான். படங்களில் காணும் விருந்து மேசை தம் வீட்டில் இல்லை என்பதே காரணம்.

இந்த வெட்கத்தை விலை கொடுத்துப் போக்க முயல்வோர் பலர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக் கடைவீதிக்குச் சென்று, நெகிழி இலை வளையம், மின்னும் காகிதம், வண்ண விளக்குச் சரம், தெர்மாகோல் நட்சத்திரம் எனக் கை நிறைய வாங்கி வருவர். கையில் இல்லாத பணத்துக்கு வட்டிக்கு வாங்குவோரும் உண்டு. மூன்று இராஜாக்களின் திருநாள் வருவதற்குள் காகிதம் கிழிந்துவிடும். கடனோ உயிர்ப்பு ஞாயிறு வந்தும் தீராது. விடுதலை கொணர வந்தவரின் பிறந்த நாளில் ஒரு குடும்பம் புதிதாய் ஒரு கட்டுக்குள் சிக்கிக்கொள்வது எவ்வளவு பெரிய முரண்பாடு!

அப்படியாயின் அலங்காரமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்லும் பக்திமான்களும் நம்மிடையே உள்ளனர். நற்செய்தி அவர்களோடு முழுவதும் உடன்படுவதாய்த் தெரியவில்லை. தம் இறுதி இராவுணவுக்கு ஆண்டவர் எப்படிப்பட்ட இடத்தை நாடினார்? விரிப்புகள் விரித்து ஆயத்தம் செய்யப்பட்ட பெரியதொரு மேலறையை அல்லவா அவர் சீடர்களுக்கு அடையாளம் காட்டினார்! பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தால் அவர் பாதங்களைப் பூசியபோது, இதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என முறையிட்டவன் யூதாசு. தெனாரியம் ஒன்று கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஏறத்தாழ ஓராண்டுக் கூலியைக் கொட்டிய அந்த அன்பை இயேசு தடுக்கவில்லை. அதே இயேசு, கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை எல்லாரிலும் மிகுதியாய்க் கொடுத்தவள் எனப் பாராட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அன்பு தன்னை அழகாய் வெளிப்படுத்த விரும்புகிறது. அந்த அழகின் அளவை விலை முடிவு செய்வதில்லை.

இவ்வகையில் நம் ஆலயத்துப் பீடமே நமக்கு நல்ல ஆசான். உரோமைத் திருப்பலி நூலின் பொது நெறிமுறைகள் பீடத்துக்குக் கேட்பவை எவை? குறைந்தது ஒரு வெண்ணிற விரிப்பு, குறைந்தது இரண்டு திரிகள், பாடுபட்ட சுரூபம். மலர் அலங்காரம் எப்போதும் அளவோடு இருக்கவேண்டும் என்றும், அதைப் பீடத்தின்மேல் வைக்காமல் பீடத்தைச் சுற்றி அமைப்பதே தக்கது என்றும் அந்நெறிமுறைகள் கூறுகின்றன. திருவருகைக் காலத்தில் மலர்கள் இருக்கலாம். ஆனால் பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடாத அளவுக்கே இருக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், வெறும் ஆடம்பரத்தைவிட உயர்ந்த அழகையே திருக்கலையில் நாடவேண்டும் என்று ஆயர்களுக்கு நினைவூட்டியது. பீடத்துக்குப் பொருந்தும் இந்த நெறி, குடும்பத் திருச்சபையின் உணவு மேசைக்கும் பொருந்தாதா? தூய்மையான விரிப்பு, சிறு ஒளி, அளவான பசுமை. உண்ணும் கலத்துக்கும் எதிரில் அமர்ந்திருப்பவர் முகத்துக்கும் இடையில் மலர்க்குவியல் மறைப்பாய் நிற்கக் கூடாது. இவ்வளவே போதும்.

இன்னும் ஆழமாய்ப் பார்ப்போம். முதல் கிறிஸ்து பிறப்பு விழாவில் அன்னை மரியா செய்தது என்ன? விடுதியில் இடமில்லை. தொட்டில் இல்லை. அருகில் இருந்தது மாடுகள் தின்னும் தொட்டி. பழைய மொழிபெயர்ப்பு அதனை முன்னணை என்றது. இன்றைய பொது மொழிபெயர்ப்பு தீவனத் தொட்டி என்கிறது. தம்மிடம் இருந்த துணிகளில் மகனைப் பொதிந்து, அத்தொட்டியில் கிடத்தினார் அன்னை. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைவிட உயர்ந்த பயனுக்கு அன்று உயர்த்தப்பட்டது. பெத்லகேம் என்னும் எபிரேயச் சொல்லுக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அப்பத்தின் வீட்டில், உணவு வைக்கும் தொட்டியில், பின்னாளில் தம்மையே உணவாய்த் தரப்போகிறவர் கிடத்தப்பட்டார். ஆகவே கிறிஸ்துமஸ் பந்தியின் தொடக்கமே வீட்டில் கிடந்த ஒரு பொருள்தான். அலமாரியில் இருப்பதைக் கொண்டு விருந்தை அழகு செய்யும் பெண் எவரும் நாசரேத்து மரியாவின் வழியில்தான் நடக்கிறார்.

திருச்சபையின் வரலாற்றிலும் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ சிற்றூரில் புனித பிரான்சிசு அசிசியார் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியபோது அவர் கேட்டவை வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையும், ஒரு தீவனத் தொட்டியுமே. அத்தொட்டியின்மேலேயே அன்று திருப்பலி நிறைவேற்றப்பட்டது. திருத்தொண்டராய் இருந்த பிரான்சிசு நற்செய்தியைப் பாடினார். தொட்டி பீடமாயிற்று. நாம் இன்று ஏற்றும் திருவருகைக் கால வளையத்தின் கதையும் இத்தகையதே. 1839-இல் செர்மனியின் ஆம்பர்க்கு நகரில், ஏழைச் சிறுவர்க்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த விக்கர்ன் என்னும் லூத்தரன் சபைப் போதகர், விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாளும் கேட்ட பிள்ளைகளுக்காக, பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் திரிகளை நிறுத்தி நாளுக்கு ஒன்றாய் ஏற்றினார்; ஞாயிறுகளுக்கென நான்கு பெரிய திரிகள். வண்டியிலிருந்து கழன்ற சக்கரம் இன்று கத்தோலிக்க ஆலயங்களிலும் பசுமை அணிந்து நிற்கிறது. போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் விழாவின் முன்னிரவு உணவில் மேசை விரிப்பின் அடியில் சிறிது வைக்கோல் பரப்புவர். எதிர்பாராமல் வரும் விருந்தினருக்கென ஓர் இடத்தையும் காலியாய் விடுவர். இவற்றுள் எதுவும் கடையில் வாங்கிய அலங்காரம் அன்று.

நம் தமிழ் மரபுக்கு வருவோம். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். வந்தவர் புதியவர், அவர் வந்ததால் வீடும் புதிதாகிறது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, அனிச்ச மலர் மோந்தால்தான் வாடும், விருந்தினரோ முகம் மாறிய பார்வையிலேயே வாடிவிடுவார் என்ற கருத்தால் அதை முடிக்கிறார். பந்தியின் முதல் அலங்காரம் வரவேற்பவரின் முகம் என்பதை இதைவிட நுட்பமாய்ச் சொல்ல இயலுமா? மேசை என்னும் சொல்லோ போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தது; அலமாரியும் சாவியும் சன்னலும் அவ்வழி வந்தவையே. அதற்கு முன்பும் நம் முன்னோர் விருந்து படைத்தனர்: பாய் விரித்து, இலை போட்டு, நீர் தெளித்து. ஆகையால் வீட்டில் மேசை இல்லையே என்று எவரும் நாண வேண்டியதில்லை. கழுவித் துடைத்த தரையில் விரித்த பாயும் பந்திதான். ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் விருந்தளித்தபோது விரிப்பாய் இருந்தது பசும்புல்லே என்பதை மாற்கு குறித்து வைத்திருக்கிறார்.

வீரமாமுனிவர் புனித சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணியாய்ப் பாடியபோது, 3,615 பாடல்களில் யூதேயாவைத் தமிழ் மண்ணின் வளங்களோடு காட்டினார். அந்நாட்டுப் பனியையும் ஊசியிலை மரத்தையும் தேடி அவர் அலையவில்லை. இத்தாலியில் பிறந்த அவரே தமிழ் மண்ணைக் கொண்டு கிறிஸ்துவை வரவேற்றார் என்றால், சேர்வராயன் மலையில் பிறந்த நாம் நெகிழியில் செய்த அயல்நாட்டு இலைக்காக ஏங்குவது முறையோ?

இனி, நம் மலைவீடுகளில் நாம் கண்டவற்றையும், பயன்படுத்திப் பார்த்தோர் நமக்குச் சொன்னவற்றையும் தருகிறோம்.

முதலில் விரிப்பு. துவைத்துச் சலவை செய்த வெள்ளை வேட்டியைவிடச் சிறந்த விரிப்பு இல்லை. கறைபட்டாலும் துவைத்தால் போய்விடும். மறுநாள் மீண்டும் வேட்டியாகிவிடும். வேட்டியின் கரை மேசையின் நீளவாக்கில் வருமாறு விரித்தால் அதுவே ஓர் அணி. அதன் நடுவில் பழைய பட்டுப் புடவையிலிருந்து எடுத்த சரிகை முந்தானையை ஒரு முழ அகலத்துக்கு மடித்து ஓடவிடலாம். கிழிந்த பகுதி மடிப்புக்குள் மறைந்துவிடும். தரையில் பந்தி எனில், பாயைச் சுற்றி அரிசி மாவால் கோலமிடலாம். மறுநாள் எறும்புகளும் விழாவில் பங்குபெறும்.

அடுத்து ஒளி. அகல் விளக்குகள் எல்லா வீடுகளிலும் உண்டு. கார்த்திகைக்கு ஏற்றியவற்றையே கழுவி வைத்துக்கொள்ளலாம். நம் மலையில் விளையும் ஆரஞ்சுப் பழத்தைக் குறுக்கே இரண்டாய் வெட்டி, அடியிலுள்ள நடு நரம்பு அறுபடாமல் சுளைகளை மெல்ல எடுத்துவிட்டால் தோல் கிண்ணமாகும், நரம்பு திரியாகும். சற்றே உலரவிட்டு, எண்ணெய் ஊற்றி, நரம்பை நன்றாய் ஊறவைத்து ஏற்றினால், பொன்னிற ஒளியோடு மணமும் வரும். பொறுமையுள்ள பிள்ளைகளின் கைக்கு ஏற்ற வேலை. மெழுகுதிரி ஏற்றுவோர் நீர் ஊற்றிய தட்டில் அதை நிறுத்துவது நல்லது. குடிலின் வைக்கோலுக்கும் திரைச்சீலைக்கும் அருகில் எந்தச் சுடரும் வேண்டாம்.

பிறகு பசுமை. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் தன் இலைகளைத் தானே உதிர்க்கிறது. அவ்விலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெள்ளி. அடிப்புறம் மேலே தெரியுமாறு வரிசையாய் வைத்துப் பாருங்கள். மின்னும் காகிதம் தோற்றுவிடும். பாறை இடுக்குகளில் வளரும் பெரணியின் ஓரிரு கீற்றுகளும் போதும். பழம் தாங்கிய காப்பிக் கிளை மிக அழகியது. ஆயினும் அது தோட்டத்துக்கு உரியவரின் விளைச்சல். கேட்டுப் பெற்றால் அணி. கேளாமல் ஒடித்தால் களவு. திருடிய மலரால் பாலன் இயேசுவுக்கு மகிமை உண்டாகாது. காட்டு ஆர்க்கிடுகளைத் தொடவே வேண்டாம். அவற்றைக் காப்பதற்கென்றே ஏற்காட்டில் அரசின் ஆர்க்கிடு தோட்டம் இயங்குகிறது.

கிறிஸ்துமஸ் பூவைப் பற்றி ஒரு சொல். மெக்சிகோ நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது. நாம் இதழ் என நினைக்கும் சிவப்பு உண்மையில் இலைகளே. நடுவில் மஞ்சளாய்த் தெரியும் சிறு முத்துகள்தாம் பூக்கள். இரவு நீளும் காலத்தில்தான் இவ்விலைகள் சிவக்கும். இருள் மிகுவதே இதற்கு நிறம் ஏறுவதற்குக் காரணம். காணிக்கை வாங்க வழியற்ற ஏழைச் சிறுமி ஒருத்தி பாதையோரச் செடியைப் பறித்துக் குடிலின்முன் வைத்தாள் என்றும், அது செந்நிறமாய் ஒளிர்ந்தது என்றும் மெக்சிகோ மக்கள் கதை சொல்வர். பறித்தவுடன் இதன் தண்டிலிருந்து பால் வடியும். அது தோலையும் கண்ணையும் உறுத்தும். வெட்டிய முனையைச் சுடரில் ஒரு நொடி காட்டினால் பால் நிற்கும். கிளையும் விரைவில் வாடாது. உணவுக் கலங்களுக்கு அப்பால், பித்தளைச் செம்பில் நீர் ஊற்றி வைக்கவேண்டும்.

பித்தளைச் செம்பு என்றோம். பரணில் கறுத்துக் கிடக்கும் தாம்பாளத்தையும் செம்பையும் புளி போட்டுத் துலக்குங்கள். பாட்டி கொண்டுவந்த சீர் அது. பேரப்பிள்ளைகள் அதன் வரலாற்றைக் கேட்பார்கள். பந்தியில் பேச்சுக்குப் பொருள் கிடைக்கும். பலா இலையின் பின்புறத்தில் குண்டூசியால் கீறி, உண்ண வருவோர் பெயரை எழுதி இலைக்கு ஓரமாய் வைக்கலாம். கீறிய கோடு சற்று நேரத்தில் பழுப்பாகி எழுத்து தெளியும். தம் பெயர் எழுதி வைக்கப்பட்டிருப்பதைக் காணும் விருந்தினர், தமக்காக இவ்வீடு காத்திருந்தது என்று உணர்வார். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

இவை அனைத்தையும் ஒருங்கே சேர்த்து நமக்குக் கற்பித்தது கிளியூர்ப் பக்கத்து லைன் வீடு ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டுத் தலைவர் நோயுற்று இறந்தார். ஏழு மாதம் கழித்துத் திருவருகைக் காலத்தில் நாம் அங்கே சென்றோம். அவர் மனைவி, தோட்டத்தில் பழம் பறிப்பவர், வாயிற்படியில் நின்றவாறே, "எங்க வீட்டுக்கு இந்த வருசம் பண்டிகை இல்லீங்க சாமி" என்றார். துக்கம் நடந்த ஆண்டில் விழா கொண்டாடுவதில்லை என்பது நம் ஊர் வழக்கம். அவ்வழக்கத்தில் இறந்தவர்மீதுள்ள அன்பு இருக்கிறது. அதை நாம் இகழ்வதற்கில்லை. ஆனால் உள்ளே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், வீட்டைச் செப்பனிட்டபோது கழற்றிப் போட்ட பழைய கதவு ஒன்றை இரண்டு மரப்பெட்டிகளின்மேல் கிடத்தி, தம்பியின் துணையோடு துடைத்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் விரிக்க அவள் எடுத்து வைத்திருந்தது தந்தையின் வேட்டி. பெட்டியில் மடித்து வைத்திருந்த, அவர் திருநாளுக்கு மட்டும் உடுத்திய வேட்டி.

பாட்டி தடுத்தார், இறந்தவன் துணியில் சோறு தின்பதா என்றார். மகள் அழுதாள். தாய் நம்மைப் பார்த்து, "விரிக்கலாமுங்களா சாமி?" என்று கேட்டார். பிறந்தபோது துணிகளில் பொதியப்பட்டவரே இறந்தபோதும் மெல்லிய துணியால் சுற்றப்பட்டார் என்றும், அவ்விரு துணிகளையும் ஒரே நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார் என்றும், ஆலயத்தில் பீடத்தின்மேல் நாம் விரிக்கும் வெண்துகிலின்மேல்தான் அவருடைய சாவும் உயிர்ப்பும் நினைவுகூரப்படுகின்றன என்றும் சொன்னோம். "பாட்டிம்மா, உங்க பையன் இருந்திருந்தா இந்த வேட்டியைக் கட்டிக்கிட்டு இந்தப் பந்தியிலதானே உட்கார்ந்திருப்பாரு?" என்றோம். பாட்டி பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து வந்து, வேட்டியின் ஒரு மூலையைத் தாமே பிடித்து இழுத்துச் சரிசெய்தார்.

சிறுவன் கிறிஸ்துமஸ் பூவும் பெரணியும் கொண்டுவந்து தாயிடம் நீட்டினான். அவரோ கைகளைப் பின்னே இழுத்துக்கொண்டார். கணவனை இழந்த கை மங்கலப் பொருளைத் தொடலாகாது என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நம் திருச்சபைக்குள்ளும் இப்பழக்கம் இன்னும் ஒளிந்து வாழ்கிறது என்பதை வேதனையோடு இங்கே பதிவு செய்கிறோம். பாலன் இயேசுவைக் கோவிலில் வரவேற்றுப் புகழ்ந்தவர்களுள் ஒருவர் அன்னா. மணமாகி ஏழே ஆண்டில் கணவனை இழந்து, முதுமைவரை கோவிலிலேயே கிடந்த கைம்பெண். குழந்தையைப் பற்றி எருசலேமில் எல்லாரிடமும் முதலில் பேசும் பேறு அவருக்குக் கிடைத்தது. அதை அத்தாய்க்கு எடுத்துரைத்து, "இந்தப் பூவை வைக்க இந்த வீட்டில் உங்கள் கையைவிடத் தகுந்த கை வேறில்லை, அம்மா" என்றோம். நடுங்கும் கையால் அவர் அதைச் செம்பில் வைத்தார்.

விழாவன்று அவ்வீட்டுப் பந்தியில் ஏழு இலைகள் போடப்பட்டதாகப் பின்னர் அறிந்தோம். கோழிக் குழம்பை அன்பியத்துக் குடும்பம் ஒன்று கொண்டுவந்தது. சேலத்துச் சவ்வரிசியில் பாயசம் காய்ச்சினார் பாட்டி. பக்கத்து வீட்டில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர், கிறிஸ்தவர் அல்லர், முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். பெத்லகேமில் கதவுகள் மூடப்பட்டன. கிளியூரில் ஒரு கதவு கிடத்தப்பட்டுப் பந்தியாயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? பந்தியை அழகு செய்வது என்பது இறுதியில், யார் யார் அதில் அமர்கிறார்கள் என்னும் கேள்வியே. நம் வீடுகளில் விருந்து சமைத்த தாய் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்பங்கரையில் அமர்ந்து மிஞ்சியதை உண்கிறார். அவருக்கென்று ஓர் இலை போடப்படாத பந்தி, எத்தனை மலர் சூடினாலும் குறையுள்ள பந்திதான். மார்த்தா பணிவிடையில் பரபரப்பானபோது, அமரும்படி அழைக்கும் குரல் அவருக்கும் கேட்டது அன்றோ? பிள்ளைகளும் ஆண்களும் மாறிமாறிப் பரிமாறட்டும். பலா இலையில் முதல் பெயராக அம்மாவின் பெயரை எழுதுங்கள்.

கொரிந்து நகர்த் திருச்சபையில் சிலர் பசித்திருக்கச் சிலர் நிறைய உண்டதைப் பவுலடியார் கடுமையாய்க் கண்டித்தார். ஆண்டவரின் பந்தி அங்கே ஆண்டவரின் பந்தியாகவே இல்லை என்றார். தமிழகத் திருச்சபையும் இந்தக் கண்டிப்புக்குத் தப்பியதன்று. வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதியின் பேரால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவரை இடித்துவிட்டோம். பந்தியில் எழுப்பும் சுவரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. யாரை விருந்துக்கு அழைக்கிறோம், யாருக்குப் பொட்டலமாய்க் கட்டிக் கொடுத்து வாசலோடு அனுப்புகிறோம் என்பதை விழா நாளில் எண்ணிப் பார்த்தால், அச்சுவர் எங்கே நிற்கிறது என்று தெரியும். திரும்ப அழைக்க இயலாதவரையே விருந்துக்கு அழையுங்கள் என்ற ஆண்டவர், அவ்வாறு அழைப்பவர் பேறுபெற்றவர் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்தியை விளக்கிய புனித யோவான் கிறிசோஸ்தோம், ஆலயத்தில் கிறிஸ்துவின் பந்தியைப் பொற்கிண்ணங்களால் நிரப்பிவிட்டு, பசியால் வாடும் கிறிஸ்துவை வெளியே விட்டுவிடுவதால் என்ன பயன் என்று தம் மக்களிடம் கேட்டார். அவர் அலங்காரத்தை விலக்கவில்லை. முதலில் பசித்தவருக்கு உணவளித்து, பின்னர் மிஞ்சியதைக் கொண்டு பீடத்தை அணிசெய்யச் சொன்னார். வரிசை முறையே அவர் கற்பித்த பாடம். மின்னும் சரத்துக்குச் செலவிட இருந்த தொகையில் இன்னும் ஓர் இலைக்குச் சோறு போடலாம் என்று கணக்கிடத் தெரிந்த குடும்பம் அப்பாடத்தை நன்கு கற்ற குடும்பம்.

விழா முடிந்தபின் மிஞ்சுவது என்ன என்பதையும் எண்ணவேண்டும். தமிழக அரசு 2019 சனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்தது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் நெகிழித் தாளும் தெர்மாகோல் தட்டும் அத்தடையில் அடங்கும். ஏற்காட்டு ஏரியின் உபரிநீர் கிளியூர் அருவியாய் விழுந்து பள்ளத்தாக்குக்குச் செல்கிறது. மேலே நாம் எறிவது கீழே இருப்பவரின் நீரில் சேரும். படைப்பு நம் பொதுவான இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் எழுதிய சுற்றுமடல் நினைவூட்டியது. வேட்டி துவைத்த பின் கொடியில் உலரும். வாழையிலையை ஆடு தின்னும். சில்வர் ஓக் இலை மீண்டும் காப்பிச் செடியின் அடியில் உரமாகும். ஆரஞ்சுத் தோல் எரிந்து மணம் மட்டும் தங்கும். நெகிழி வளையமோ நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் ஓடையோரத்தில் கிடக்கும்.

எனவே அன்பர்களே, இத்திருவருகைக் காலத்தில் கடைவீதிக்குப் புறப்படுமுன் ஒரு மாலைப்பொழுது குடும்பமாய் அமர்ந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அலமாரியைத் திறவுங்கள், பரணை இறக்குங்கள். எந்தப் பொருள் பயனின்றிக் கிடக்கிறது, எந்த மனிதர் அழைப்பின்றி இருக்கிறார் என்று ஒன்றாய்ப் பேசுங்கள். பொருளைத் துலக்குவது பிள்ளைகளின் வேலையாகட்டும். மனிதரை அழைப்பது பெரியவர்களின் வேலையாகட்டும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், விளக்கை ஏற்றி, குழந்தை இயேசுவின் சுரூபத்தைச் சில நொடிகள் பந்தியின் நடுவில் வைத்துச் செபியுங்கள். பிறகு அதைக் குடிலில் கிடத்திவிட்டு, இலைகளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் உள்ளோரைவிட ஓர் இலையாவது கூடுதலாய் இருக்கட்டும்.